11 நாளில் பழுது பார்த்த கப்பல் எதை நிரூபிக்கிறது? ராணுவப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் பற்றி ஒரு விவாதம்

தண்டையார்பேட்டை கணக்கர்:
எண்ணூர் முகிலன் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ என்ற கப்பல் காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்ட் டி என்ற தனியார் நிறுவனத்தின் கப்பல் தளத்துக்குப் பழுது பார்க்க வந்தது. 11 நாளில் வேலை முடிந்தது. நம்முடைய சிந்துகீர்த்தி நீர்மூழ்கியோ விசாகப்பட்டினத்து அரசுத் தளத்தில் 2006 முதல் 2015 வரை முடங்கிக் கிடந்தது. ஆகவே ராணுவத் தளவாடப் பராமரிப்பு முழுவதையும் தனியாருக்குக் கொடுத்தால்தான் போட்ட பணத்துக்குப் பலன் கிடைக்கும் என்பது அவருடைய தீர்ப்பு. நான் செலவுக் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் என்பதால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. 11 நாள் என்பது அந்தக் கப்பல் தளத்தில் நிற்கும் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட காலம். அந்த நாட்களில் எத்தனை வேலை நடந்தது, எவ்வளவுக்கு பில் போட்டார்கள், அதன் பிறகு இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற மூன்றில் ஒன்றுகூட அந்த எண்ணில் இல்லை.

எண்ணூர் முகிலன்:
ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன். 11 நாள் என்று சொல்லி 11 நாளில் முடிப்பதுதான் திறமை. 9 ஆண்டு இழுத்தவர்களை விட்டுவிட்டு, சொன்ன தேதியில் முடித்தவர்களிடம் பில்லைக் காட்டு என்று கேட்பது என்ன நியாயம்? 2023இல் மாத்யூ பெர்ரி என்ற அமெரிக்கக் கப்பல் வந்தது, அதே ஆண்டில் சால்வர் என்ற இன்னொன்று வந்தது, அமெரிக்கக் கடற்படை அந்தத் தளத்தோடு ஐந்தாண்டுக் கப்பல் பழுதுபார்ப்பு ஒப்பந்தமே போட்டது. 2024இல் பிரிட்டன் கடற்படையின் ஆர்கஸ், லைம் பே ஆகிய இரண்டு கப்பல்களும் அங்கேதான் பராமரிப்புக்கு வந்தன. பணத்துக்குப் பலன் இல்லாமலா தேடி வருகிறார்கள்? வடசென்னை என்றாலே அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெய்க் கசிவும்தான் செய்தியில் வர வேண்டுமா? ஒரு நல்ல செய்தி வந்தால் அதையும் குடைந்துதான் பார்ப்பீர்களா?

ஆவடி பழையவர்:
அரசுத் தொழிற்சாலைகளைத் திட்டுவதற்கு எல்லோருக்கும் நாக்கு நீளம். ஆவடியில் டாங்கி ஓவராலிங் செய்து வளர்ந்த கைகள் எங்களுடையவை. டி-72 டாங்கியைப் பிரித்து, கோபுரத்தைத் தூக்கி இறக்கி, 780 குதிரைத் திறன் இன்ஜினை வெளியே எடுத்து, ஒவ்வொரு பாகமாகக் கழுவி அளந்து திரும்பக் கூட்டும் வேலையை 11 நாள் கணக்கில் பார்ப்பவர்கள் ஒரு நாள் அந்தக் கூடத்தில் நின்றிருக்க மாட்டார்கள். எங்கள் ஓவராலிங் விலை அதிகம் என்று எழுதுகிறவர்கள், அந்த விலையில் சும்மா இருக்கும் இயந்திரங்களின் தேய்மானம், குடியிருப்பு, மருத்துவமனை எல்லாம் ஏற்றப்பட்டிருப்பதைச் சொல்வதே இல்லை. ஆர்டர் குறைந்தால் ஒவ்வொரு டாங்கியின் தலையிலும் அந்தப் பாரம் கூடத்தான் செய்யும். 2021 அக்டோபர் 1 அன்று எங்கள் அரசுப் படைத்தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்துப் போட்டவர்களிடம் போய் இந்த மேல்செலவுக் கணக்கைக் கேளுங்கள்.

எண்ணூர் முகிலன்:
ஆவடியைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான் எழுதியது 11 நாளைப் பற்றி.

தண்டையார்பேட்டை கணக்கர்:
அந்த 11 நாளைப் பற்றித்தான் நானும் எழுதுகிறேன், முகிலன். சார்லஸ் ட்ரூ போர்க்கப்பல் அல்ல. மற்றக் கப்பல்களுக்குச் சரக்கும் வெடிபொருளும் எரிபொருளும் கொண்டுசெல்லும் துணைக் கப்பல்; அதை ஓட்டுகிறவர்களும் பெரும்பாலும் சிவிலியன் மாலுமிகள். பயணத்தின் நடுவில் ஒதுங்கிச் சில வேலைகளை முடித்துக்கொண்டு போவதும், ஒரு நீர்மூழ்கியின் வயிற்றைக் கிழித்து, உடலின் எஃகை ஆராய்ந்து, கேபிள்களையும் கருவிகளையும் மாற்றித் திரும்ப மூடுவதும் ஒரே தராசில் நிற்காது. சிந்துகீர்த்தி தாமதத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது வெட்கக்கேடுதான். ஆனால் அந்த விசாகப்பட்டினத் தளம் 2010இல்தான் பாதுகாப்பு அமைச்சகத்தின் கைக்கு வந்தது என்பதையும், அதுவரை கப்பல் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருந்தது என்பதையும் யாரும் நினைவில் வைப்பதில்லை.

தொடக்க விலையைப் பார்த்து மயங்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் விமானந்தாங்கிக் கப்பலான விக்ரமாதித்யா ஒன்று போதும். ரஷ்யாவின் பழைய கோர்ஷ்கோவ் கப்பலைச் சீரமைத்துக் கொடுக்க 2004இல் பேசிய தொகை 97.4 கோடி டாலர். பிரித்துப் பார்க்கப் பார்க்க வேலை பெருகியது, மாற்ற வேண்டிய கேபிளின் நீளமே முதல் மதிப்பீட்டில் அடங்கவில்லை, 2010இல் தொகை 235 கோடி டாலர் ஆயிற்று, கப்பல் 2013 நவம்பரில்தான் கைக்கு வந்தது. கையெழுத்து வாங்கிய அன்று அதுவும் மலிவாகத்தான் தெரிந்தது. திறந்து பார்த்த பிறகு பெருகும் வேலைக்கு யார் பணம் கொடுப்பது, எந்த விலையில் கொடுப்பது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. காட்டுப்பள்ளி ஒப்பந்தத்தில் அது எப்படி இருக்கிறது என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் 11 நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ராயபுரம் நளினி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பணத்துக்குப் பலன் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அது குறைந்த விலையா, குறைந்த காலமா, கருவி எப்போதும் தயாராக இருப்பதா, அல்லது அவசரத்தில் வெளிநாட்டை எதிர்பார்க்காமல் நாமே பழுது பார்த்துக்கொள்ளும் திறமை நாட்டில் வளர்வதா? முதலில் இதை ஒப்புக்கொண்டுவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

எண்ணூர் முகிலன்:
போர்க்கப்பலா சரக்குக் கப்பலா என்பது கேள்வியே அல்ல. இந்தியாவில் பழுதுபார்ப்புக்கு வந்த முதல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் அது. சிங்கப்பூருக்கோ ஜப்பானுக்கோ போயிருக்கக் கூடியவர்கள் இங்கே வந்தார்கள். 11 நாள் என்று சொன்னார்கள், அந்தக் கணக்குப்படி வேலை நடந்தது. கோர்ஷ்கோவ் ரஷ்யாவில் நடந்த கதை, அதற்கும் காட்டுப்பள்ளிக்கும் என்ன தொடர்பு? கணக்கர் ஐயா வசதிக்கு ஏற்ற கப்பலை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்.

திருவொற்றியூர் பட்டறை:
பெரிய தளங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். வேலை கடைசியில் வந்து விழுவது எங்களைப் போன்ற லேத் பட்டறைகளில்தான் என்பதால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு ரோந்துக் கப்பலின் கடல்நீர் பம்பு எங்களிடம் வந்தது. அனுப்பிய பிரதான ஒப்பந்தக்காரரின் பெயர் இங்கே தேவையில்லை. வேலைச் சீட்டில் 'பம்பு ஓவராலிங்' என்று ஒரே வரி. பேரிங், பேக்கிங் (தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் கயிறு), கேஸ்கெட் மாற்ற வேண்டும் என்று அடியில் எழுதியிருந்தது. திறந்து பார்த்தால், பேக்கிங் உட்காரும் இடத்தில் சுழலும் ஷாப்டின் மேல் உறை போல இருக்கும் ஸ்லீவ், விரல் நகம் சிக்கும் அளவுக்கு வரி வரியாக அரித்துப் போயிருந்தது. ஸ்லீவ் பட்டியலில் இல்லை. புதிதாகக் கடைந்து போட்டால் செலவு எங்கள் தலையில். எமரி தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி மூடிவிடு, சோதனை நாளில் ஒழுகாமல் இருந்தால் போதும் என்றார்கள். அந்த அரித்த ஸ்லீவின் மேல் புதுப் பேக்கிங்கைச் சுற்றினால் சில வாரங்களில் அது பேக்கிங்கைத் தின்றுவிடும், ஷாப்ட் வெளியே வரும் கிளாண்ட் வழியாகக் கடல்நீர் இன்ஜின் அறையில் சொட்டும். நான் மறுத்தேன். பம்பு வேறு பட்டறைக்குப் போயிற்று. அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து எனக்கு ஆர்டர் வரவில்லை. அவர்களும் தேதிப்படிதான் முடித்திருப்பார்கள். அதனால் சொன்ன தேதியில் முடித்தார்கள் என்று கேட்டால் எனக்குப் புல்லரிப்பதில்லை.

தண்டையார்பேட்டை கணக்கர்:
பட்டறைக்காரர் சொன்னதை முகிலன் இரண்டு முறை படிக்க வேண்டும். குறைந்த விலைப்புள்ளிக்குக் கொடு என்ற எல்-1 முறை அந்த எமரி தாளில்தான் போய் முடிகிறது. தரத்துக்கும் மதிப்பெண் கொடுத்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வழி திறந்துவிட்டது. ஆனால் விலை அல்லாத அம்சங்களுக்கு 30 சதவீதத்துக்கு மேல் எடை கூடாது என்றும் கூடவே எழுதிவிட்டது. மிச்சம் 70 விலைக்குத்தான்.

நாளை எண்ணாமல் தயார்நிலையை எண்ணும் ஒப்பந்தமும் உலகத்தில் இருக்கிறது. 2016இல் 36 ரஃபேல் விமானங்களை வாங்கியபோது, எந்த நேரமும் 75 சதவீத விமானங்கள் பறக்கத் தயாராக இருக்க வேண்டும் என்ற பராமரிப்பு உறுதியை ஐந்தாண்டுக்குச் சேர்த்தே வாங்கினார்கள். சுகோய்-30 விமானங்களுக்கும் 75 சதவீதம்தான் விதி. நடப்பில் 55 முதல் 60 சதவீதமே தயாராக இருந்தது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2015இல் எழுதினார். அந்த இடைவெளிதான் இழந்த பணம். வாங்கி நிறுத்திய விமானம் பறக்காமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் அதன் விலையில் ஒரு பங்கு வீணாகிறது. பராமரிப்பு பில்லில் மிச்சம் பிடித்ததாகக் காட்டும் அதிகாரி இந்தப் பங்கை எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை, ஏனென்றால் அது அவருடைய கணக்குத் தலைப்பில் வராது.

பிரிட்டனில் போட்டியில்லாமல் ஒரே நிறுவனத்துக்குக் கொடுக்கும் ராணுவ ஒப்பந்தங்களில் செலவு விவரத்தைத் திறந்து காட்ட வேண்டும் என்று 2014இல் சட்டமே போட்டார்கள், அதைக் கண்காணிக்கத் தனி அலுவலகமும் வைத்தார்கள். இங்கே அசல் பாகத்தைத் தயாரித்த நிறுவனமே பராமரிப்பையும் எடுக்கும்போது, ஒரு வால்வுக்கு அவர்கள் சொன்னதுதான் விலை. இதையெல்லாம் பேசாமல் 11 நாள், 11 நாள் என்று மந்திரம் ஓதினால் ஆயிற்றா?

ஆவடி பழையவர்:
சுகோய் 55 சதவீதம் என்றவுடன் பழி மறுபடியும் அதைப் பழுது பார்க்கும் அரசு நிறுவனத்தின் மேல் விழப்போகிறது. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வராமல் விமானம் நின்றால் ஃபிட்டர் என்ன செய்வான்? அமெரிக்காவில் எஃப்-35 போர் விமானங்களைப் பராமரிப்பதில் பெரும்பங்கு தனியாரிடம்தான் இருக்கிறது. 2023 மார்ச்சில் அவற்றில் சுமார் 55 சதவீதமே பணிக்குத் தயாராக இருந்தன என்று அவர்களுடைய தணிக்கை அலுவலகமே சொன்னது. தனியார் என்றால் தேன் ஒழுகும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

பொன்னேரி வாசகன்:
எல்லோரும் காட்டுப்பள்ளியை வடசென்னை என்றே எழுதுகிறீர்கள். அது திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். பெருமை பேசும்போது மட்டும் எங்கள் ஊர் உங்களுடையதாகிவிடுகிறது.

எண்ணூர் முகிலன்:
எண்ணூரில் குடியிருந்துகொண்டு காட்டுப்பள்ளிக்கு ஷிப்டு போகிற வெல்டர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். வரைபடத்தில் கோடு எங்கே போனால் எனக்கென்ன? அவர்கள் வேலை செய்த 11 நாளைத்தான் கணக்கர் ஐயா கொச்சைப்படுத்துகிறார். அது எனக்கு வலிக்கிறது.

தண்டையார்பேட்டை கணக்கர்:
வெல்டரின் உழைப்பை நான் எங்கே குறை சொன்னேன்? என் வார்த்தையை எடுத்துக் காட்டுங்கள். மூன்று மாதத்துக்கு முன்பு துறைமுகக் கட்டண விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். நான் கணக்கைக் கேட்டேன், நீங்கள் தொழிலாளியை முன்னால் நிறுத்தி ஒளிந்துகொண்டீர்கள். அந்த வெல்டர் ஒப்பந்தத் தொழிலாளியா நிரந்தரத் தொழிலாளியா, ஒரு கப்பலில் கற்ற வேலையை அடுத்த கப்பலுக்கு எடுத்துச் செல்ல அதே ஆள் அங்கே இருப்பாரா என்பதும் என் கேள்விக்குள் அடக்கம்.

ராயபுரம் நளினி:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை.

எண்ணூர் முகிலன்:
துறைமுக விவாதத்தில் யார் ஒளிந்தார்கள் என்பது அதைப் படித்தவர்களுக்குத் தெரியும். பெருகும் வேலை, பெருகும் வேலை என்கிறீர்களே, 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்புக் கொள்முதல் கையேட்டில் அதற்கும் வழி செய்தாயிற்று. கப்பல், விமானப் பழுதுபார்ப்பு ஒப்பந்தங்களில் கூடுதல் வேலைக்காக 15 சதவீதத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கலாம். ஒவ்வொரு ஸ்லீவுக்கும் கோப்பு டெல்லிக்குப் போய்த் திரும்ப வேண்டியதில்லை. உங்கள் வாதத்தின் அடித்தளமே போய்விட்டது.

தண்டையார்பேட்டை கணக்கர்:
எதுவும் போகவில்லை. அந்த 15 சதவீதத்தை நானும் வரவேற்கிறேன், கப்பல் வெறுமனே காத்துக் கிடக்கும் காலம் அதனால் குறையும். ஆனால் ஒதுக்கி வைத்த பணம் என்று தெரிந்தவுடனே எல்லாக் கப்பலிலும் கூடுதல் வேலை சரியாக 15 சதவீதத்தில் வந்து நிற்கப்போவதைத் தடுக்க அதில் என்ன இருக்கிறது? திறந்த பம்பின் முன்னால் நின்று, ஸ்லீவ் அரித்திருக்கிறது, மாற்று என்று கையெழுத்துப் போடும் ஆள் கடற்படையின் ஆளா, தளத்தின் ஆளா? மாற்றிய பாகத்தின் பழைய உடலை யார் வாங்கி எண்ணி வைப்பது? இந்த இரண்டுக்கும் பதில் எழுதிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

திருவொற்றியூர் பட்டறை:
பழைய ஸ்லீவை யாரும் திரும்பக் கேட்டதில்லை. எங்கள் பட்டறை மூலையில் கிடந்து இரும்புக் கடைக்குத்தான் போகும்.

எண்ணூர் முகிலன்:
ஒரு பட்டறையின் மூலையை வைத்து ஒரு தளத்தையே எடை போட வேண்டாம். அமெரிக்கர்களின் ஆய்வாளர்கள் கப்பலோடு வருகிறார்கள், அவர்கள் கையெழுத்தில்லாமல் ஒரு போல்ட்டும் ஏறாது.

தண்டையார்பேட்டை கணக்கர்:
அமெரிக்கக் கப்பலுக்கு அமெரிக்க ஆய்வாளர் நிற்கட்டும். நான் கேட்பது நம்முடைய கடலோரக் காவல்படைக் கப்பலுக்கு, நம்முடைய வரிப்பணத்தில், நம்முடைய ஆய்வாளர் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை.