மால்மெடி வழக்கு: 137 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

கரிசல்காட்டான்:
"மால்மெடி வழக்கே ஜோடிப்பு, அமெரிக்க செனட்டர் மெக்கார்த்தியே அதை அம்பலப்படுத்தினார்" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். எரிச்சலாக வருகிறது. 1944 டிசம்பர் 17, பெல்ஜியத்தில் மால்மெடி அருகே. சரணடைந்த 84 அமெரிக்கச் சிப்பாய்களை நாஜித் தளபதி பைப்பரின் எஸ்.எஸ். படை சுட்டுக் கொன்றது. போருக்குப் பின் அந்தப் படையினர்மேல் அமெரிக்க ராணுவம் நடத்தியதுதான் இந்த வழக்கு. சடலங்களைப் பனிக்கு அடியிலிருந்து ஜனவரியில்தான் எடுத்தார்கள்.

மெய்யன்:
எழுதியது நான்தான். கொலையே நடக்கவில்லை என்றா சொன்னேன்? வாக்குமூலம் அடித்து வாங்கியது. 139 பேரில் 137 பேருக்கு விதை நசுக்கப்பட்டது. சொன்னவர் விசாரிக்கப் போன அமெரிக்க நீதிபதி வான் ரோடன்.

கரிசல்காட்டான்:
மால்மெடி வழக்கில் தண்டனை பெற்றவர்களே 73 பேர்தான்! 139 என்பது ஜெர்மனியின் டாகாவில் அமெரிக்க ராணுவம் நடத்திய போர்க்குற்ற வழக்குகள் எல்லாவற்றிலும் நிறைவேறாமல் இருந்த மரண தண்டனைகள். நீங்கள் சொல்லும் கணக்கு வான் ரோடன் பெயரில் வந்த ஒரு கட்டுரையில் இருப்பது. அதைத் தான் எழுதவில்லை என்று வான் ரோடனே 1949இல், இந்தப் புகார்களை ஆராய்ந்த செனட் குழு முன் சொன்னார். மருத்துவர்கள் கைதிகளைச் சோதித்தார்கள். அப்படி விதை நசுங்கிய ஒரு கூட்டமே அகப்படவில்லை.

வக்கீல்தம்பி:
கறுப்புத் துணி விரித்த மேசை, அதன்மேல் சிலுவை, மெழுகுவத்தி என்று போலி விசாரணை நடத்தியது உண்மைதானே? ராணுவமே ஒப்புக்கொண்டது. கைதிகள் தரப்பு வக்கீல் எவரெட் அதைக் கேட்டது அவர் கடமை.

கரிசல்காட்டான்:
எவரெட் வக்கீல், கேட்கட்டும். மெக்கார்த்தி யார்? அந்த செனட் குழுவில் உறுப்பினர்கூட இல்லை. வந்து உட்கார்ந்து விசாரணை அதிகாரிகளைக் குற்றவாளிபோலக் குடைந்தார். பிறகு 'பூசி மெழுகுகிறார்கள்' என்று மே மாதம் வெளிநடப்பு. அவருடைய விஸ்கான்சினில் ஜெர்மன் வம்சாவளி ஓட்டு எவ்வளவு என்று பாருங்கள். செத்த 84 பேருக்காக இத்தனை துடித்தாரா?

மெய்யன்:
ஓட்டுக் கணக்குக்கு ஆதாரம்? முன்பு இங்கே நடந்த ஸ்டாலின் பற்றிய சண்டையிலும் இப்படித்தான் நழுவினீர்கள். நீதிபதி சொன்னது 137.

கரிசல்காட்டான்:
ஸ்டாலினை ஏன் இழுக்கிறீர்கள்? அன்று உங்களுக்குப் பதில் சொல்லியாயிற்று. 73 பேர் உள்ள வழக்கில் 137 பேர் எப்படி?

வக்கீல்தம்பி:
ஜெர்மன் நகரமான டிரெஸ்டனில் குண்டு போட்ட நேசநாட்டுக்காரர்களை யார் விசாரித்தது?

கரிசல்காட்டான்:
தம்பி, அதற்குத் தனியாக வாருங்கள். இங்கே 43 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள், ஒருவரைக்கூடத் தூக்கிலிடவில்லை. கடைசி ஆறு பேரின் தண்டனையையும் 1951 ஜனவரியில் குறைத்தார்கள். பைப்பர் 1956 டிசம்பரில் வெளியே வந்துவிட்டார்.

மெய்யன்:
வழக்கு சரியாக நடந்திருந்தால் ஏன் குறைக்க வேண்டும்? 137க்கு இன்னும் பதில் இல்லை.

கரிசல்காட்டான்:
மூன்றாம் முறை கேட்கிறேன். 73 பேரில் 137 பேர் யார்?