ஃபைல் பேர்ல அடைப்புக்குறி வந்தா மட்டும் 403 (சர்வர் மறுப்பு), யாராச்சும் பாருங்களேன்

கவின்: ரெண்டு நாளா மண்டை காயுது. பில் அப்லோட் பண்ற பக்கம் ஒண்ணு, பிரவுசர்ல ஜாவாஸ்கிரிப்ட், சர்வர்ல பைத்தான், ஃபைல் பேரை ரெண்டு பக்கமும் பெர்சென்ட் என்கோட் பண்ணி (எழுத்தை % போட்ட குறியீடா மாத்தி) அதுமேல சிக்னேச்சர் (பேர் மாறலைன்னு காட்டுற முத்திரை) போட்டு ஒத்துப் பாக்குறேன். "ரசீது" போகுது, நடுவுல ஸ்பேஸ் இருந்தாலும் போகுது, ஆனா அதே ஃபைலை மறுபடி டவுன்லோட் பண்ணா "ரசீது (1)"னு வருமே, அதுக்கு மட்டும் 403. தமிழெழுத்தே தாண்டிப் போகுது, அடைப்புக்குறிக்கு என்ன கேடு? இணைய முகவரி எழுதுற விதி சொல்ற ஆர்எஃப்சி 2396ல அத அப்படியே விடலாம்னு இருக்கு, 3986 ரிசர்வ்டு (தனி வேலைக்கு ஒதுக்கினது)ங்குது. எத நம்புறது?

சேது: 3986 தான் தம்பி. 2396 வந்தது 1998ல, 2005ல அதே மூணு பேர் எழுதி அத ஓரங்கட்டிட்டாங்க. பழசுல ! * ' ( ) அஞ்சும் சும்மா விடுற லிஸ்ட்ல இருந்துச்சு, டீகோட் பண்ணா வம்புன்னு பட்டதால புதுசுல ரிசர்வ்டுக்குத் தள்ளியாச்சு. இப்போ சும்மா விடுறது இங்கிலீஷ் எழுத்து, எண், அப்புறம் - . _ ~ அவ்ளோதான். ஜாவாஸ்கிரிப்ட்ல என்கோட் பண்ற என்கோட்யூஆர்ஐகம்போனென்ட் இன்னும் 1998லயே உக்காந்திருக்கு, ( வந்தா தொடாது, பைத்தானோட குவோட் ஃபங்ஷன் அத %28 ஆக்கிடும். தமிழுக்கு ரெண்டுமே பெர்சென்ட் போடுது, அதான் தப்பிச்சுது. ஜாவாஸ்கிரிப்ட்ல என்கோட் பண்ணதுக்கப்புறம் அந்த அஞ்சை மட்டும் நீயே % குறியீடா ரீப்ளேஸ் பண்ணு.

கவின்: சர்வர்ல %28ஐ திரும்ப ( ஆக்கிட்டா ஆகாதாண்ணா?

சேது: வேணாம். சும்மா விடுற எழுத்துக்குத்தான் என்கோட் பண்ணதும் பண்ணாததும் ஒண்ணு. ரிசர்வ்டுல ( வேற, %28 வேற.

ரேவதி: குவோட் டீஃபால்ட்டா / ஐயும் விட்டுரும், ஜாவாஸ்கிரிப்ட் விடாது. சேஃப்ங்கிற இடத்துல காலி ஸ்ட்ரிங் குடுங்க. பைத்தான் 3.7க்கு முந்தினதுன்னா ~ லயும் இடிக்கும், நான் அதுல ஒரு வாரம் போக்கியிருக்கேன் 😭

கவின்: ரெண்டும் செஞ்சேன். இப்ப லாக்ல %2528னு நிக்குது, அதே 403.

சேது: என்கோட் பண்ணத மறுபடி என்கோட் பண்ற. % குறிக்கு ஹெக்ஸ் நம்பர் 25, அதான் நடுவுல நுழைஞ்சிருக்கு.

கவின்: ஆமாண்ணா, சிக்னேச்சர் ஃபங்ஷனுக்குள்ள பழைய என்கோட் ஒண்ணு கெடந்துச்சு, தூக்கிட்டேன். "ரசீது (1) (2)"னு ஒரு புண்ணியவான் அனுப்பிருந்தாரு, அதுவே ஏறிடுச்சு. நன்றிண்ணா, நன்றி ரேவதி!