காட்டோர முள்கம்பி: மான் சிக்காம இருக்க என்ன வழி?

ஒடுகத்தூர் பக்கம், காப்புக்காட்டை ஒட்டி மேய்ச்சல் நிலம். அஞ்சு வரி முள்கம்பி. புள்ளிமான் தாண்டும்போது பின்னங்கால் மாட்டிக்குது. மாடும் வெளியே போகக்கூடாது.

பதில் 1: நாலு வரி போதுங்க. தரையிலிருந்து 45, 60, 75, 105 செ.மீ. மேல் ரெண்டு வரிக்கு நடுவே 30 செ.மீ. கட்டாயம், நெருக்கமா இருந்தா கால் நுழைஞ்சு முறுக்கிக்கும். மேலேயும் கீழேயும் முள்ளில்லாத கம்பி. தொய்வு விழுந்தா எல்லாம் வீண். ஆட்டுக்கு இது உதவாது, கீழே நுழைஞ்சிடும்.

பதில் 2: ஓடைக்குப் போற தடத்தை மறிக்காதீங்க. கலிஃபோர்னியாவோட பாயின்ட் ரேயஸ் கடலோரப் பூங்காவில், பண்ணை மாடுகள் பக்கம் வராம டூலி எல்க் மான்களை வேலி போட்டுத் தடுத்தாங்க. 2012-14 வறட்சியில் 250க்கு மேல செத்துச்சு. வேலியை எடுக்க 2024 டிசம்பர்லதான் முடிவாச்சு!

பதில் 3: மாட்டுத் தொட்டியைக் காட்டோரம் வைக்காதீங்க. கோமாரி மானுக்கும் தொத்தும். மாட்டுக்கு 6 மாசத்துக்கு ஒரு தடுப்பூசி.