ரூட்டுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை: ஸ்கேனர் அனுபவங்கள்

மலைக்கோட்டை:
டெபியன் லினக்ஸ். பழைய ஸ்கேனர். அதன் யூஎஸ்பி எண்ணை, ஸ்கேனர்களை இயக்கும் சேன் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் கையால் சேர்த்திருந்தேன். யூஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையின் பட்டியலில் இருக்கிறது. சேனின் ஸ்கேன் கட்டளையான ஸ்கேன்இமேஜ் மட்டும் ஸ்கேனரே இல்லை என்று கைவிரிக்கிறது. நள்ளிரவில் அதே கட்டளையை சூடோ போட்டு, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில், கொடுத்தேன். மூடி இடுக்கில் வெள்ளை வெளிச்சம் சரசரவென்று ஊர்ந்தது. எரிச்சலில் ஸ்கேனரைக் குறிக்கும் /டெவ்/பஸ்/யூஎஸ்பி/001/005 கோப்புக்கு, யாரும் படிக்கவும் எழுதவும் விடும் 666 அனுமதி கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கேபிளை மாற்றிச் செருகினால் 005 இல்லை, 006 இருக்கிறது, அனுமதியும் போய்விட்டது. அந்த 006 இன்னும் கண்ணில் நிற்கிறது.

பனங்காடு:
எனக்கு அனுமதிச் சிக்கல் இல்லை. முதல் பக்கம் அழகாக வரும், இரண்டாவதற்கு ஸ்கேனர் காணாமல் போகும். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் இன்னொரு பக்கம். அம்மாவின் ஓய்வூதியத்துக்காகப் பணிப்பதிவேடு முழுவதும் ஏற்ற வேண்டியிருந்தது. அம்மாவே தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் "ம்" என்றால் பிடுங்குவார், "ம்" என்றால் செருகுவார். பதிவேட்டைப் பாதி முடித்த பிறகுதான் சேன்_யூஎஸ்பி_வொர்க்கரவுண்ட்=1 என்ற சேன் அமைப்பு (சூழல் மாறி) கண்ணில் பட்டது. போட்டதும் சரியாகிவிட்டது. யூஎஸ்பி 3 கட்டுப்படுத்தியோடு சில ஸ்கேனர்களுக்கு ஒத்துவராதாம். யூஎஸ்பி 2 துளையில் செருகியும் பார்த்தேன். என் கணினியில் அதற்குப் பின்னாலும் அதே கட்டுப்படுத்திதான். அம்மா இன்றைக்கும் கேட்கிறார்: "இதை முதலிலேயே செய்திருக்கக் கூடாதா?"

கறுப்புத்திரை:
மலைக்கோட்டை, 666 கொடுப்பதை இங்கே எழுதவே எழுதாதீர்கள். நாளைக்கு நாலு பேர் பார்த்துச் செய்வார்கள். செருகும்போதெல்லாம் புது எண் வரும் என்பது தெரிந்த விஷயம்தானே? என் அலுவலகத்திலும் இதே கதைதான், அதை விடுங்கள். செய்ய வேண்டியது: எல்எஸ்யூஎஸ்பி காட்டும் இரண்டு நான்கிலக்க எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள், முதலாவது தயாரிப்பாளர், அடுத்தது மாடல். சாதனம் செருகப்படும்போது அனுமதிகளை அமைப்பது யூடெவ்; அதன் /ஈடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி அடைவில் அந்த எண்களுக்கு ஒரு விதி எழுதி, குழு ஸ்கேனர், அனுமதி 0660 (உரிமையாளரும் குழுவினரும் மட்டும் படிக்க, எழுத) என்று வையுங்கள். கணினியில் நேரடியாக உள்நுழைந்திருப்பவருக்கு அனுமதி தரும் யூஅக்செஸ் குறி போடுவதாக இருந்தால் கோப்பின் பெயர் 73க்குக் குறைந்த எண்ணில் தொடங்க வேண்டும். அந்தக் குறியைப் படிக்கும் விதி 73இல் இருக்கிறது. 99 என்று பெயர் வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று புலம்புபவர்கள் ஏராளம். பிறகு யூடெவ்ஏடிஎம் கட்டளை மூலம் விதிகளை மறுபடி ஏற்றி, கேபிளைக் கழற்றிச் செருகுங்கள். ஸ்கேனர் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்தால் வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் திரும்ப வந்து என்னைத் திட்டுவீர்கள்.

இரவுப்பணி:
கறுப்புத்திரை, எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே கஷாயமா? அச்சு, ஸ்கேன் இரண்டும் உள்ள என் இயந்திரத்தில் ரூட்டாலும் திறக்க முடியவில்லை. விதி எழுதி என்ன பயன்? எல்எஸ்யூஎஸ்பி -டி கொடுத்துப் பார்த்தேன். இயக்கி (ஓட்டுநிரல்) என்ற இடத்தில் யூஎஸ்பிஎஃப்எஸ் என்று இருந்தது. அதாவது வேறு ஒரு நிரல் ஏற்கெனவே கைப்பற்றி வைத்திருக்கிறது. ஐபிபி-யூஎஸ்பி! டெபியன் 11இலிருந்து ஓட்டுநிரல் இல்லாமலே அச்சிடவும் ஸ்கேன் செய்யவும் வந்திருக்கும் வசதி. அது பிடித்துக்கொண்டிருக்கும்வரை தயாரிப்பாளரின் பழைய ஓட்டுநிரலுக்கு இடமில்லை. பழையதை நீக்கிவிட்டு ஐபிபி-யூஎஸ்பியோடு பேசும் சேன்-ஏர்ஸ்கேன் வழியாக ஸ்கேன் எடுக்கிறேன். வேகம் குறையவில்லை.

வடலூரான்:
எனக்குச் சிக்கல் ஃபர்ம்வேர், அதாவது ஸ்கேனருக்குள் ஏற்ற வேண்டிய நிரல். ஸ்கேனர் ஜிடி68எக்ஸ்எக்ஸ் சிப் வகை. விண்டோஸ் குறுந்தகட்டிலிருந்து கோப்பை எடுத்து உரிய அடைவில் வைத்தும் 'கோப்பு இல்லை' என்றது. கோப்பு என் கண்முன்னே இருக்கிறது, பெயரும் அதேதான். குறுந்தகட்டில் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து, சேன் தேடுவது சிறிய எழுத்து, லினக்ஸுக்கு இரண்டும் வேறு! பெயரை மாற்றியதும் உள்ளே விளக்கு எரிந்தது.

கறுப்புத்திரை:
இரவுப்பணி, நான் பதில் சொன்னது மலைக்கோட்டைக்கு. அவருக்கு ரூட்டில் வேலை செய்கிறது. முதல் பதிவைப் படித்துவிட்டு வாருங்கள்.

உப்பளம்:
நான் பயன்படுத்தும் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் யூடெவ் கிடையாது, சாதனக் கோப்புகளின் அனுமதிக்கு டெவ்எஃப்எஸ் விதிகள்தான். அங்கே /டெவ்/யூஜென்0.2 என்பது வெறும் இணைப்பு; உண்மையான கோப்பு யூஎஸ்பி/0.2.0. இணைப்பின் பெயருக்கு விதி எழுதினால் ஒன்றும் நடக்காது. யூஎஸ்பி/* என்று எழுதிய பிறகுதான் எனக்கு வந்தது. ஆனால் அது எல்லா யூஎஸ்பி சாதனங்களையும் திறந்துவிடுகிறது. ஸ்கேனரை மட்டும் குறிப்பாகத் திறக்க சாதனம் செருகப்படுவதைக் கவனிக்கும் டெவ்டி நிரலைப் பயன்படுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?