ஹால்சாண்ட்ஸ்: கூழாங்கல்லோடு போன கிராமம்

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் கடற்கரையில் இருந்த ஹால்சாண்ட்ஸ் என்னும் மீனவக் கிராமத்தைக் கடல் அழித்துவிட்டது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அதன் இடிபாடுகளை நேரில் பார்த்து, அங்கே சந்தித்த ஒரு முதியவரிடம் பேசிய பிறகு, பழி முழுவதையும் கடலின் மேல் போடுவது நியாயமில்லை என்ற முடிவுக்கு வந்தேன்.

ஸ்டார்ட் பாயின்ட் கலங்கரை விளக்கத்தின் பக்கமிருந்து கரையோரப் பாதையில் இறங்கி வந்தால், கிராமத்துக்கு மேலே ஒரு பார்வை மேடை இருக்கிறது. கீழே, செங்குத்தான பாறையின் அடிவாரத்தில், கூரையில்லாத கற்சுவர்கள் சில பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு நிற்க, அவற்றின் காலடியிலேயே அலை வந்து மோதுகிறது. இவ்வளவு அருகில் கடலை வைத்துக்கொண்டு யார் வீடு கட்டுவார்கள் என்று நான் வியந்தபோது, பக்கத்தில் நின்றிருந்த அந்த முதியவர், வீடுகளுக்கு முன்னால் ஒரு காலத்தில் படகுகளை இழுத்து ஏற்றி வைக்கும் அளவுக்கு அகலமான கூழாங்கல் கரை இருந்தது என்று கையை நீட்டிக் காட்டினார்.

1891ஆம் ஆண்டில் இங்கே 37 வீடுகளும் 159 மக்களும் இருந்தனர்; ‘லண்டன் இன்’ என்ற மதுக்கடையும் ஒரு நீரூற்றும் இருந்தன. நண்டு பிடிப்பதுதான் முதன்மைத் தொழில். கொந்தளிப்பான நாள்களில் இவர்கள் வளர்த்த பெரிய நாய்கள் அலைகளுக்குள் நீந்திச் சென்று, திரும்பிவரும் படகின் கயிற்றைக் கவ்விக் கரைக்குக் கொண்டுவருமாம்.

1897இல் பிளிமத்தை அடுத்த கீஹாம் கடற்படைத் தளத்தை விரிவாக்கும் பணிக்குக் கான்கிரீட் தேவைப்பட்டது. ஒப்பந்தக்காரர் சர் ஜான் ஜாக்சன் அரசின் உரிமம் பெற்று, இவ்வூருக்கு எதிரே கடலடியிலிருந்து கூழாங்கல்லும் மணலும் வாரத் தொடங்கினார். ஒரு நாளைக்கு 1,600 டன் வரை அள்ளினார்கள். கரை இறங்கிவிடும் என்று மீனவர்கள் உடனே எதிர்த்தார்கள். ஆனால் விசாரணை நடத்தியவர்கள், அள்ளியதைக் கடலே மீண்டும் கொண்டுவந்து நிரப்பிவிடும் என்று கூறிவிட்டார்கள்.

அது ஏன் நிரம்பவில்லை என்பதை அங்குள்ள கற்களே காட்டுகின்றன. குனிந்து ஒரு பிடி அள்ளினால் பெரும்பாலும் வழவழப்பான சக்கிமுக்கிக் கற்கள்தான் வருகின்றன. பின்னால் நிற்கும் பாறையோ முற்றிலும் வேறு வகை. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது கடலடியிலிருந்து தள்ளப்பட்டு வந்து சேர்ந்த கற்கள் அவை. புதிதாக வந்துசேர வழியில்லாத அந்த இருப்பிலிருந்து, 1902இல் உரிமம் ரத்து செய்யப்படுவதற்குள் ஏறத்தாழ 650,000 டன்னை எடுத்துவிட்டார்கள்.

கரை தாழ்ந்து, அடுத்த ஆண்டே சில வீடுகள் சேதமடைந்தன. தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டும் பயனில்லை. 1917 ஜனவரி 26 அன்று வழக்கத்தைவிட மிக உயர்ந்து எழுந்த கடலேற்றமும் கிழக்கிலிருந்து வீசிய புயற்காற்றும் ஒன்றுசேர்ந்தபோது, முன்பு கூழாங்கல் கரையில் சிதறி ஓய்ந்த அலைகள் நேராகச் சுவர்களில் அறைந்தன. மக்கள் இருட்டில் மேட்டுக்கு ஏறித் தப்பினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது. மறுநாள் முடிவதற்குள், குடியிருக்கத் தக்கதாக ஒரே ஒரு வீடுதான் எஞ்சியது. அதில் எலிசபெத் பிரெட்டிஜான் என்ற பெண்மணி 1964இல் இறக்கும்வரை வாழ்ந்தார்.

வீடிழந்தவர்கள் இழப்பீட்டுக்காக ஏழு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. புயலைவிட இந்தத் தாமதம்தான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது. ஏனெனில் ஆபத்தை முன்கூட்டியே சொன்னவர்களே தங்கள் இழப்பையும் நிரூபிக்க வேண்டியவர்களானார்கள். 2012இல் ஏற்பட்ட நிலச்சரிவுக்குப் பிறகு இடிபாடுகளுக்குள் இறங்க முடியாது. போக விரும்புவோர் மேடையிலிருந்து பார்த்துவிட்டு, வடக்கே பீசாண்ட்ஸ் வரை நடந்தால், இன்னும் கூழாங்கல் கரையுள்ள ஒரு மீனவ ஊரையும் காணலாம்.