மாமியார் விட்டுச் சென்ற யூதப் பண்டிகைப் பொருட்கள்: எடுத்துப் புழங்கலாமா, கண்ணாடிக்குள் வைத்துவிடலாமா?

வாசல்விளக்கு:

வணக்கம். என் கணவர் வீட்டார் யூதர்கள். மாமியாரின் முன்னோர் வார்சாக்காரர்கள், மாமனாரின் முன்னோர் ஜெர்மனியிலிருந்து கிளம்பி வந்தவர்கள். நான் கல்யாணத்துக்கு முன்பே மதம் மாறியவள்தான், ஆனாலும் பண்டிகைச் சாமான் விஷயத்தில் எல்லாமே மாமியார் கைதான். எது எங்கே இருக்கிறது, எதை எப்போது இறக்கணும் என்று அவர் சொல்வார், நாங்கள் எடுத்துக் கொடுப்போம். போன வருஷம் அவர் காலமாகிவிட்டார். இப்போது பரணிலிருந்து பெட்டிகளை இறக்கியிருக்கிறோம்.

ஒரு ஜோடி மெழுகுவத்தித் தண்டு (வெள்ளி மாதிரி இருக்கிறது, அடியில் ஏதோ முத்திரை), பித்தளையில் ஹனுக்கா (எட்டு நாள் விளக்கேற்றும் பண்டிகை) விளக்கு, பஸ்காவுக்கான (எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பண்டிகை) பீங்கான் தட்டு, பஸ்கா இரவில் வாசிக்கும், ஒயின் கறை படிந்த ஹகாதா புத்தகம், பூரிம் பண்டிகைக்கு வாசிக்கும் எஸ்தர் கதைச் சுருள், அப்புறம் எங்கள் யாருக்கும் புரியாத ஒரு நீளமான லினன் துணிப்பட்டை. நாலு துண்டை ஒட்டுத் தைத்து, முழுக்க எபிரேய எழுத்து எம்பிராய்டரி செய்திருக்கிறார்கள், எழுத்துக்குள்ளே பறவை, மீன் எல்லாம் இருக்கிறது.

எல்லாவற்றையும் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்துவிடலாம் என்கிறார் நாத்தனார். அவர் பயம் எனக்குப் புரிகிறது, உடைந்தால் திரும்பக் கிடைக்காது. ஆனால் என் மகள் பாட்டியோடு நின்று ஏற்றிய விளக்கை இனி கண்ணாடி வழியாகத்தான் பார்க்கணும் என்றால் மனசு ஒப்பவில்லை. எதைப் புழங்கலாம், எதைத் தொடக் கூடாது? அந்தத் துணி என்ன?

ஒலிவக்கிளை:

புழங்குங்கள். இதைத்தான் முதலில் சொல்வேன். நானும் இப்படி ஒரு குடும்பத்தில் வாக்கப்பட்டு ஜெருசலேமில் இருக்கிறேன். இங்கே யாத் வாஷேம் (நாஜிகள் கொன்ற யூதர்களுக்கான நினைவிடம்) அருங்காட்சியகத்தில் ஒரு ஹனுக்கா விளக்கு இருக்கிறது. ஜெர்மனியில் கீல் நகர ரபியாக (யூத மதகுருவாக) இருந்த அகீவா போஸ்னர் வீட்டு விளக்கு. 1931 ஹனுக்காவில் அவர் மனைவி ராகேல் அதை ஜன்னலில் வைத்துப் படம் எடுத்தார், ஜன்னலுக்கு எதிரே நாஜிக் கட்சி அலுவலகம், அதில் ஸ்வஸ்திகா கொடி தொங்குகிறது. 1933-ல் குடும்பம் ஜெர்மனியை விட்டு வெளியேறியது, விளக்கும் கூடவே வந்தது. இன்று அது அருங்காட்சியகத்தில் இருந்தாலும் ஹனுக்கா வந்தால் குடும்பத்தார் வாங்கிப்போய் ஏற்றுகிறார்கள். 2022-ல் பெர்லினுக்கே கொண்டுபோய் ஜெர்மன் அதிபர் மாளிகையில் ஏற்றினார்கள். அவ்வளவு பெயர் பெற்ற விளக்கையே ஏற்றுகிறார்கள் என்றால் உங்கள் வீட்டுப் பித்தளை விளக்கைப் பூட்டி வைக்க என்ன அவசியம்? எட்டு எண்ணெய்க் குழியும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, மற்றவற்றை ஏற்றுவதற்கான ஒன்பதாவது மட்டும் உயரமாகவோ விலகியோ இருக்கிறதா, ஊற்றினால் ஒழுகாமல் இருட்டிய பிறகு அரை மணி நேரமாவது எரியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

பீங்கான் தட்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு தேவை. வருஷம் முழுக்கப் புழங்கும் பாத்திரத்தோடு அதைக் கழுவவோ அடுக்கவோ கூடாது. பஸ்காவில் புளித்த மாவு ஆகாது. உலோகப் பாத்திரத்தில் அது பட்டுவிட்டால் கொதிநீரில் முக்கி மறுபடி பஸ்காவுக்குத் தகுதியாக்கலாம், மண் பாத்திரத்துக்கும் பீங்கானுக்கும் அந்த வழி கிடையாது. அதனால்தான் உங்கள் மாமியார் தனிப் பெட்டி கட்டிப் பரணில் ஏற்றியிருக்கிறார். பண்டிகை முடிந்த இரவே கழுவித் துடைத்து அதே பெட்டியில் வைத்துவிடுங்கள்.

ஹகாதா கறையைப் போக்க நினைக்கவே நினைக்காதீர்கள். எகிப்தின் பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி ஒயினை எடுத்து விடுகிறோம் இல்லையா, அந்தப் பக்கத்தில்தான் கறை அதிகம் இருக்கும், திறந்து பாருங்கள். 14-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் எழுதி வரைந்த சரயேவோ ஹகாதாவிலேயே ஒயின் கறை இருக்கிறது. அதையும் ஒரு குடும்பம் மேஜையில் வைத்து வாசித்திருக்கிறது, 1894-ல்தான் சரயேவோ அருங்காட்சியகத்துக்கு விற்றார்கள். பக்கம் கிழிந்து உதிர்ந்தால் குப்பையில் போடாதீர்கள், இறைவன் பெயர் இருக்கும். ஜெப ஆலயத்தில் கெனிசாவுக்கென்று (பழைய புனித ஏடுகளைச் சேர்க்கும் இடம்) சேர்த்து வைப்பார்கள், கொடுத்தால் முறையாகப் புதைத்துவிடுவார்கள்.

துருப்பிடிக்காதவன்:

பழைய உலோகப் பொருட்களைப் பழுது பார்ப்பவன் என்பதால் தண்டுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அடியில் இருக்கும் முத்திரையை உருப்பெருக்கியில் பாருங்கள். வார்சா என்பதால் ஃப்ராஜே அல்லது நோர்ப்ளின் என்ற பெயர் இருக்க நிறைய வாய்ப்பு. 19-ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டு பட்டறைகளும் வெள்ளி முலாம் பூசிய தண்டுகளை ஏராளமாகச் செய்தன. போலந்திலிருந்து கப்பலேறிய யூதக் குடும்பங்களின் மூட்டையில் அவைதான் அதிகம் போயின. பட்டறைப் பெயருக்குப் பதில் 84 என்ற எண் இருந்தால் ரஷ்யப் பேரரசுக் காலத்து நிஜ வெள்ளி, ஆயிரத்துக்கு 875 பங்கு.

முலாம் என்றால் பாலிஷ் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் வெள்ளி போகும், விளிம்புகளில் உள்ளே இருக்கும் மஞ்சள் உலோகம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தால் பழையபடி ஆக்குவது கஷ்டம். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். கறுப்பது காற்றில் உள்ள கந்தகத்தால், அதனால் ரப்பர், கம்பளி பக்கத்தில் வைக்கக் கூடாது.

மெழுகைக் கத்தியால் சுரண்டுவதுதான் பெரும்பாலான தண்டுகளுக்கு வந்த கேடு. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றி வைத்தால் இளகும், விரல் நகத்தாலேயே எடுத்துவிடலாம். முழுசாகத் தண்ணீரில் போடாதீர்கள், சில தண்டுகளின் அடிப்பாகத்தில் கனத்துக்காகச் சாந்து அடைத்திருப்பார்கள், ஊறினால் உப்பிவிடும்.

சுருள் என் துறை இல்லை. இருந்தாலும் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். தோலில் மசி கொண்டு எழுதியது, இறுக்கிச் சுற்றினால் மசி செதில் செதிலாக உதிரும். சோஃபேர் என்று சொல்கிற எழுத்தர் ஒருவரிடம் காட்டினால் பூரிமில் வாசிக்கத் தகுதியா, எழுத்து தொட்டு எழுதணுமா என்று சொல்லிவிடுவார்.

பழஞ்சுவடி:

அந்தத் துணியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அது விம்பெலாகத்தான் இருக்கணும். ஜெர்மன் யூதர்களின் வழக்கம். ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போது பயன்பட்ட துணியைத் துவைத்து, பட்டை பட்டையாக வெட்டி நீளமாக இணைத்து, அதில் குழந்தையின் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி எல்லாம் எம்பிராய்டரி செய்வார்கள் அல்லது வண்ணத்தில் எழுதுவார்கள். கடைசியில், இவன் தோராவுக்கும் (யூத வேதம்) திருமண விதானத்துக்கும் நற்செயல்களுக்கும் வளரட்டும் என்ற வாழ்த்து வரும். பையன் முதல்முறை ஜெப ஆலயத்துக்குப் போகும்போது தோராச் சுருளைச் சுற்றிக் கட்ட அதைக் கொடுப்பார்கள். பெயரைப் படிக்கச் சொல்லுங்கள், உங்கள் கணவரின் தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ அதில் இருப்பார்.

இன்னொன்றும் யோசியுங்கள். 1939 பிப்ரவரியில் நாஜி அரசு போட்ட ஆணைப்படி யூதர்கள் தங்கம், வெள்ளி, நகைகளை நகராட்சி அடகுக் கடைகளில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. கல்யாண மோதிரம், சாப்பிடும் கரண்டி போன்ற சிலவற்றை மட்டும்தான் விட்டார்கள். எத்தனையோ வீடுகளின் ஓய்வுநாள் ஒயினுக்கான கித்தூஷ் கிண்ணமும், ஓய்வுநாள் முடியும்போது முகரும் வாசனைப் பெட்டியும் அப்படித்தான் போயின. துணிக்கு யாரும் விலை போடவில்லை. உங்களிடம் இருக்கும் பொருட்களில் நான் மிக அரியதாக நினைப்பது வெள்ளித் தண்டை அல்ல, இதைத்தான்.

இதை மட்டும் நாத்தனார் சொல்கிறபடி செய்யுங்கள். மடிக்காமல், அமிலமற்ற காகித உருளையில் சுற்றி, வெளிச்சம் படாமல் வையுங்கள். துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள்.

கடற்கரைத்தெரு:

பொருளைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கூடவே இருக்க வேண்டியதை நான் சொல்கிறேன். கொச்சி யூதப் பெண்கள் பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் பாடும் மலையாளப் பாட்டுகளை நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி வைத்திருந்தார்கள், ஒருத்தி நோட்டைப் பார்த்து இன்னொருத்தி எழுதிக்கொள்வாள். 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது நோட்டுகளும் போயின. பிறகு ஆய்வாளர்கள் தொகுத்தபோது பாட்டின் வரிகள் நோட்டில் கிடைத்தன, மெட்டு மட்டும் பாடத் தெரிந்த வயதான பெண்களின் வாயில்தான் இருந்தது.

அதனால் உங்கள் மாமியாரின் தங்கையோ பழைய தோழியோ இருந்தால் இப்போதே ஃபோனை எடுத்துப் பதிவு செய்யுங்கள். பஸ்கா இரவில் எந்த மெட்டில் பாடினார்கள், எலியா தீர்க்கதரிசிக்கென்று வைக்கும் கிண்ணத்தில் யார் ஊற்றுவார்கள், அவருக்காகக் கதவைத் திறக்கப் போவது யார், எல்லாம். ஒவ்வொரு பொருளோடும் அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று ஒரு தாள் எழுதி வையுங்கள்.

நாத்தனாருக்கு ஒரு யோசனை: பஸ்கா சாமான் ஒரு வீட்டில், ஹனுக்கா விளக்கு இன்னொரு வீட்டில் என்று பிரித்துக்கொண்டு, அந்தந்தப் பண்டிகைக்கு எல்லோரும் அந்த வீட்டில் கூடுங்கள்.

வாசல்விளக்கு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தண்டின் அடியில் நோர்ப்ளின் என்றுதான் இருக்கிறது, ஆக முலாம். நாத்தனாரிடம் இந்த உரையாடலை அப்படியே அனுப்பினேன். விம்பெல் என்றதும் அவர் அழுதுவிட்டார், அதில் இருப்பது அவருடைய தாத்தாவின் பெயர். பஸ்கா அவர் வீட்டில், ஹனுக்கா எங்கள் வீட்டில் என்று முடிவாகியிருக்கிறது. முலாம் தண்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மெழுகுவத்தி ஏற்றினால் கெடாதா?

துருப்பிடிக்காதவன்:

கெடாது. குழிக்குள் பொருந்துகிற மாதிரி சின்னக் கண்ணாடிக் குப்பி போட்டு அதில் ஏற்றுங்கள், மெழுகு தண்டில் படாது. வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாள் முடியும்வரை நகர்த்த மாட்டீர்கள் என்பதால் முதலிலேயே ஒரு தட்டில் வைத்து, திரைச்சீலை பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.