எண்ணிக்கையை விட்டுக் குடும்பங்களைப் பிடித்த கதை

பறவை பார்ப்பவர்களின் இந்தக் குழுவில் பலரும் தம் வாழ்நாள் பட்டியல், அதாவது இதுவரை பார்த்த பறவையினங்களின் கணக்கு, எந்த எண்ணில் நிற்கிறது, அடுத்து எதைத் தொடப்போகிறது என்று எழுதியிருந்தார்கள். ஆவலாகப் படித்தேன், கொஞ்சம் பொறாமையும் உண்டு. என்னுடைய எண்ணைக் கேட்டால் மட்டும், ‘எந்த ஆண்டுக் கணக்குப்படி?’ என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இணையத்தளமான ஈபேர்ட் 2024இல் தன் வகைப்பாட்டைப் புதுப்பித்தபோது உண்ணிக்கொக்கு கிழக்கு, மேற்கு என இரண்டாயிற்று; கூகை மூன்றாயிற்று. வெவ்வேறு கண்டங்களில் இவற்றைப் பார்த்திருந்தவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே வரவு. அதே புதுப்பிப்பில் ரெட்போல் என்ற சிறு குருவியின் இனங்கள் மூன்றும் ஒன்றாக்கப்பட்டன. வடக்கே பனியில் விறைத்துக்கொண்டு மூன்றையும் பிரித்துப் பார்த்துக் குறித்து வைத்தவர்களுக்கு இரண்டு போயிற்று. வகைப்பாட்டாளர்கள் மீது எனக்குக் கோபமில்லை. மரபணு சொல்வதை அவர்கள் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் என் அடுத்த பயணத்தை அந்த எண் தீர்மானிப்பதை நிறுத்திவிட்டேன்.

இப்போது பட்டியலைக் குடும்பவாரியாக, அதாவது உறவுள்ள இனங்களை ஒரே தொகுதியாகச் சேர்த்து, அடுக்கி வைத்திருக்கிறேன். 2025இல் வெளிவந்த ஆவிலிஸ்ட் என்ற உலகப் பறவைப் பட்டியல், பறவைகளை 11,131 இனங்களாகவும் 252 குடும்பங்களாகவும் பிரிக்கிறது. முதல் எண் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. பத்தாயிரத்தைத் தொட்ட பீட்டர் கேஸ்ட்னர், தூதரகப் பணியில் நாடு நாடாகச் சுற்றியவர். அவருமே 2024 பிப்ரவரியில்தான் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் அந்த எல்லையைத் தாண்டினார். 252 அப்படியல்ல. முழுவதும் முடியாமல் போகலாம்; ஆனால் பாதியைக் கடப்பது பெரிய வசதி இல்லாதவர்களுக்கும் கனவாகிவிடாது.

அடுக்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஏற்றத்தாழ்வுதான். ஈப்பிடிப்பான்களும் கதிர்க்குருவிகளும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. அவற்றில் பலவற்றின் முகமே எனக்கு நினைவில் இல்லை. தேதியும் இடமும் மட்டும் இருக்கின்றன. இன்னொரு பக்கம், குடும்பத்துக்கே ஒரே இனம் என்று நிற்கும் ஒண்டிக்கட்டைகள். விராலடிப்பான் அப்படிப்பட்டது. பருந்துகளோடு சேர்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் வெளிவிரலைப் பின்னால் திருப்பி, முள் முள்ளான பாதத்தால் வழுக்கும் மீனைப் பற்றும் இந்தப் பறவைக்குத் தனிக் குடும்பம். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது என்பதால் உங்களில் அநேகமாக எல்லோரிடமும் ஒரு ஒண்டிக்கட்டை ஏற்கெனவே இருக்கிறது.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஐபிஸ்பில் என்ற இன்னொரு ஒண்டிக்கட்டை. பார்த்தது அசாமின் நமேரியில், ஜியா பரலி ஆற்றில், குளிர்காலத்தில். கோடையில் இமயத்தின் மேட்டுப் பள்ளத்தாக்குகளில் கூடு கட்டும் இது, குளிர் ஏறியதும் ஆற்றோடு கீழே இறங்கி வரும். ரப்பர் படகில் மிதந்துகொண்டே கரையோரக் கூழாங்கல் திட்டுகளை இருநோக்கியால் துழாவினோம். சாம்பல், வெள்ளை, கருப்பு: கல்லுக்கும் அதே நிறங்கள், பறவைக்கும் அதே நிறங்கள். முகத்தில் கரிய பூச்சு, மார்பின் குறுக்கே ஒரு கருப்புப் பட்டை, கீழ்நோக்கி வளைந்த செந்நிற அலகு. காட்டிக்கொடுக்கக்கூடியது அந்த அலகு ஒன்றுதான். அதையும் நீருக்குள் விட்டுக் கல்லிடுக்கில் நுழைத்து வைத்திருக்கும். எங்கள் படகோட்டிக்கு இருநோக்கி தேவைப்படவில்லை. துடுப்பை நிறுத்திவிட்டு மோவாயால் ஒரு திட்டைக் காட்டினார். எங்களுக்குத் தெரிந்தவை கற்கள். பிறகு கற்களில் ஒன்று நடந்தது. அதன் பின்னால் இன்னொன்றும் நடந்தது. வயிறு நனைய நின்று, தலையை அமிழ்த்தி, கல்லைச் சுற்றி அலகைச் செலுத்தித் துழாவி, நிமிர்ந்து, அடுத்த கல். கொக்கின் பொறுமையும் இல்லை, உள்ளானின் அவசரமும் இல்லை. இதற்கு முன் நான் பார்த்த எந்தப் பறவையின் சாயலும் அந்த நடையில் இல்லை.

அன்று மாலையே காட்டுக்குள் ஒரு இலைக்கதிர்க்குருவியும் புதிதாகக் கிடைத்தது. புருவக்கோட்டின் அகலத்தையும் இறக்கைப் பட்டையையும் வைத்து நீண்ட நேரம் வாதாடிப் பெயர் சூட்டினோம். பட்டியலில் அதுவும் ஒன்று, ஐபிஸ்பில்லும் ஒன்று. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் என்பதை என் மனம் ஒப்பவில்லை.

மன்னார் வளைகுடாவில், அலை வடிந்த மணல்திட்டில் பார்த்த கிராப் பிளவரும் இந்த வகைதான். தூரத்திலிருந்து பார்த்தால் கருப்பு வெள்ளை உடம்பும் தடித்த கரிய அலகுமாகச் சற்று முரட்டு உள்ளான், அவ்வளவுதான். ஆனால் கரைப்பறவைகளில் மணலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவது இது ஒன்றே. முட்டை வெள்ளை, இருட்டில் கிடக்கும் முட்டைக்குப் புள்ளியும் திட்டும் எதற்கு? வெயிலில் சூடேறிய மணலே அடைகாப்பில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்கிறது. முக்கியமான இனப்பெருக்க இடங்கள் அரேபியத் தீபகற்பத்தைச் சுற்றிய கடற்கரைகளில் உள்ளன. அந்த வளைகளை வாசலிலிருந்து பார்க்க எனக்கு ஆசை உண்டு. பாதுகாக்கப்பட்ட குடியிருப்புகளுக்குள் மிதித்துக்கொண்டு போவது சரியில்லை என்பதால் ஆசையாகவே இருக்கட்டும்.

‘இதுவும் எண்ணிக்கைதானே, எண் சிறியது என்பதைத் தவிர என்ன வித்தியாசம்?’ என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. குடும்பங்களும் அசைவற்றவை அல்ல. எலாச்சுராவையே எடுத்துக்கொள்ளுங்கள்: கிழக்கு இமயத்திலிருந்து சீனாவின் தென்கிழக்கு வரை வாழும், உடல் முழுக்கப் புள்ளிகள் தெளித்த பழுப்புநிறச் சிறு குருவி. சிலம்பன் வகையில் ஒன்றாக எண்ணியிருந்தார்கள். 2014இல் வந்த மரபணு ஆய்வு அதற்கு நெருங்கிய உறவே இல்லை என்று காட்டித் தனிக் குடும்பமாக்கியது. ஆக மாற்றம் இங்கும் உண்டு. வித்தியாசம் இதுதான்: அடுத்துத் தேடும் பறவை எப்படி நடக்கும், எதை உண்ணும், எங்கே தூங்கும் என்பதை ஏற்கெனவே பார்த்ததை வைத்து ஊகிக்க முடியாது. எனக்கு அது போதும்.

அந்த எலாச்சுராவை அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் சரணாலயத்தில் கேட்டிருக்கிறேன், பார்க்கவில்லை. பெரணி மண்டிய ஈரமான ஓடைச்சரிவு. மெல்லிய உச்சக்குரல் மிக அருகில் எழுந்தது. ஓர் இலைகூட அசையவில்லை. குரலை மட்டும் கேட்டு இனப் பட்டியலில் சேர்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆந்தைகளைப் பார்த்தால்தான் கணக்கு என்றால் பாதி ஆந்தைகள் கணக்கிலேயே வராது. குடும்பக் கணக்கில் மட்டும் கண்ணால் கண்டாக வேண்டும் என்று வைத்திருக்கிறேன். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வெளியே இழுப்பதற்கும் மனம் வரவில்லை. எனவே எலாச்சுரா இன்னும் காலிக் கட்டம்.

அடுத்த பயணங்களையும் இந்தக் காலிக் கட்டங்களை வைத்தே திட்டமிடுகிறேன். முதலில் ஹைப்போகோலியஸ். மேற்காசியாவில் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்தில் கட்ச் பகுதிக்கு வரும். ஃபுலே கிராமத்தைச் சுற்றிய உகாய் மரங்களின் பழங்களை நம்பித்தான் வருகிறது. பழம் இருந்தால் பறவை இருக்கும். எளிதான பயணம், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உகாண்டாவின் மபாம்பா சதுப்பில் ஷூபில்லும் அப்படித்தான்: சிறு படகு, நாணல், நுரையீரல் மீனுக்காகச் சிலையாக நிற்கும் பெரிய பறவை.

உண்மையில் கனவு காண்பது மடகாஸ்கரை. மெசைட்டுகள், தரைவாழ் பனங்காடைகள், அசிட்டிகள், மடகாஸ்கர் கதிர்க்குருவிகள், பக்கத்துக் கொமோரோஸ் தீவுகளிலும் இருக்கும் குக்கூ ரோலர் என ஐந்து குடும்பங்கள். உலகில் வேறெங்கும் கிடையாது. வாங்காக்கள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உறவு வைத்திருந்தாலும் அவற்றின் வேடிக்கையெல்லாம் இங்கேதான்: ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு அரிவாள் அலகு, ஒன்றுக்குக் கொழுத்த நீல அலகு, ஒன்று மரத்தில் தொற்றி ஏறுகிறது. எட்டாயிரம் இனங்களை முதன்முதலில் கடந்த ஃபீபி ஸ்னெட்சிங்கர், 1999இல் இந்தத் தீவில்தான் வாகன விபத்தில் இறந்தார். அவர் கடைசியாகப் பார்த்த புதிய பறவை செந்தோள் வாங்கா. அது அறிவியலுக்கு அறிமுகமானதே 1997இல்தான்.

அங்கே பறவைகள் இனப்பெருக்கக் காலத்தில் குரல் கொடுக்கும் என்பதால் அக்டோபர், நவம்பர் மாதங்களைக் குறித்திருக்கிறேன். கிழக்கே அண்டசிபே மழைக்காடு பெரும்பகுதியை முடித்துக்கொடுத்துவிடும். சிக்கல் தென்மேற்கில். நீண்டவால் தரைவாழ் பனங்காடையும் பாலைநில மெசைட்டும், மங்கோக்கி, ஃபிஹெரெனானா ஆறுகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய முட்காட்டில் மட்டுமே வாழ்பவை. மெசைட்டை அண்டினால் பறந்து தப்பாது. ஒரு கிளையில் ஏறி உறைந்து உட்கார்ந்துவிடும் என்கிறார்கள். கிளையை யார் கண்டுபிடிப்பது என்பதுதான் கேள்வி. வெயில் ஏறுவதற்குள் காடு அடங்கிவிடும் என்பதால் விடியற்காலைதான் கணக்கு.

அந்தத் தென்மேற்கிலுள்ள இஃபாட்டி முட்காட்டுக்குப் போய் வந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள்: இவ்விரண்டுக்கும் எத்தனை காலைகளை ஒதுக்க வேண்டும்? உள்ளூர் வழிகாட்டியை முன்பே பேசி வைக்க வேண்டுமா, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாமா?